பெரிசாத் சர்வரோடு போட்ட சண்டை

ஏரிக்கரை ஊரான கரகோலில் பெரிசாத்திடம் வெப்சைட் செய்யக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். "வேலை சுத்தம். ஆனா வள்ளுன்னு விழுவா, பாத்துப் பேசு" என்று சொல்லி அனுப்புவார்கள். கணக்கு டீச்சராக இருந்தவள். தலைமையாசிரியர் பரீட்சை மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னபோது, சாக்பீஸை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

சந்தைக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில் ஓர் அறை. அவளுக்கு மெதெர்பெக் என்று ஒரு பங்காளி. அவள் நிரல் எழுதுவாள். அவன் ஆட்களிடம் இதமாகப் பேசி வேலை பிடிப்பான். அவளைவிட இளையவன். சண்டை போடும்போதும் 'அக்கா' என்றுதான் சொல்வான். ஏரிக்கரை விடுதிகள், குதிரைச் சவாரிக்காரர்கள், தலைநகர் பிஷ்கேக்குக்குப் போகும் வேன்களின் டிக்கெட் பதிவு என்று அவர்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்ன சைட்டுகள். எல்லாமே பிஷ்கேக் கம்பெனி ஒன்றின் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்தன. அதாவது, ஒரே சர்வரில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களோடு ஒண்டுக் குடித்தனம்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை அவள் ஒரு தாதி கேட்டதற்காகச் செய்தாள். எங்கள் பக்கத்தில் நெகடிவ் ரத்தம் அபூர்வம். யாரிடம் இருக்கிறது, எந்தத் தெரு, எந்த நம்பர் என்று ஓர் இடத்தில் தேடக் கிடைத்தால் போதும் என்றாள் அந்தத் தாதி. வேலை தொடங்கிய அன்று பெரிசாத்துக்கும் மெதெர்பெக்குக்கும் ஒரு சின்னப் பேச்சு நடந்தது.

"இதுக்கு எஸ்க்யூலைட் போதும்டா. ஒரே ஃபைல், நம்ம சைட்டோடவே இருக்கும்" என்றாள் அவள்.

"கம்பெனிக்காரன் மைசீக்வல் டேட்டாபேஸ் சும்மாவே தர்றான்க்கா. ஒரு பட்டனை அமுக்கினா ரெடி. ஊரே அதைத்தான் வெச்சிருக்கு. நீங்க மட்டும் என்ன புதுசா?"

அன்று அவளுக்கு வேறு வேலை தலைக்கு மேல் கிடந்தது. சரி என்று விட்டுவிட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஹர்சானின் மனைவி ஸுஹராவுக்குப் பிரசவம். ஹர்சான் துங்கான் இனத்தவன்; சந்தைச் சந்தில் அஷ்லான்ஃபூ என்னும் காரமான குளிர் நூடுல்ஸ் விற்பவன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் ஸுஹராவுக்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகடிவ்; எங்கள் பக்கத்தில் முதல் வகை நெகடிவ் என்பார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. தாதி அந்த சைட்டின் பெயரைச் சொல்ல, ஹர்சான் எதிர்ச்சாரியில் இருந்த இன்டர்நெட் கடைக்கு ஓடினான். பக்கம் திறந்தது. மேலே சிவப்பில் பட்டியலின் பெயர். கீழே பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. கடைப் பெண்ணைக் கேட்டான். "டேட்டாபேஸோட இணைக்க முடியலையாம் அண்ணே" என்றாள். மறுபடி அழுத்தச் சொன்னான். அழுத்தினாள். அதே வரி. இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் அதேதான்.

கடைசியில் அவன் வேன் நிலையத்துக்கு ஓடி ஓட்டுநர்களிடம் கத்தினான். அவர்களில் ஒருவன் தன் தெருவில் இருந்த, அதே வகை ரத்தமுள்ள ரஷ்யத் தச்சர் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தான். அதற்குள் டாக்டர்கள் காத்திருக்க முடியாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஹர்சான் செருப்புக் கடை மாடிப்படி ஏறி வந்தான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பெரிசாத் பிறகு பலமுறை நினைத்தாள்.

"உங்க கடை திறந்திருந்துச்சு, உள்ள சரக்கு இல்ல. அப்போ எதுக்கு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?" என்றான். "அந்தத் தச்சரு பேரு உங்க பட்டியல்ல இருக்காமே. அவரே சொன்னாரு. போன் பக்கத்துலதான் படுத்திருந்தாராம்."

"ஸுஹரா எப்படி இருக்கா?"

"உசுரோட இருக்கா. இனிமே புள்ள கிடையாது." அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

மறுநாள் காலை முதல் வேனில் பெரிசாத் பிஷ்கேக் போனாள். வழி நெடுக ஏரி வெளுத்துக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹோஸ்டிங் கம்பெனி மேனேஜர் ஸ்தால்பெக் அவளை உட்காரவைத்து டீ ஊற்றினார்.

"அன்னிக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலையே அக்கா. சர்வர் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"சர்வர் ஓடுச்சு. டேட்டாபேஸ்?"

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அதுவும் ஓடுச்சு. இணைப்பு எல்லாம் நிறைஞ்சுபோச்சு, அவ்ளோதான். உங்க சர்வர்லயே ஒரு கால்பந்து பந்தய சைட்டு இருக்கு. அன்னிக்குப் பெரிய மேட்ச். எல்லா இணைப்பையும் அவங்களே பிடிச்சுக்கிட்டாங்க."

"ஒருத்தனே அத்தனையும் பிடிக்கிற வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஷேர்டுன்னா அப்படித்தான் அக்கா. அவங்களும் கஸ்டமர்தான். நீங்க வேணும்னா பெரிய பிளானுக்கு மாறிக்கலாம், நான் தள்ளுபடி போட்டுத் தர்றேன்."

டீக் கோப்பையை அவள் தொடவே இல்லை. "ஒரு பொம்பளையோட வயித்தை அறுத்துக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. நீங்க தள்ளுபடி பேசறீங்க" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. புரிய வைக்கவும் அவள் உட்காரவில்லை.

திரும்பி வந்ததும் மெதெர்பெக்கிடம் பாய்ந்தாள். ஊரே வைத்திருக்கிறது என்று சொன்ன வாயைக் கொண்டு போய் ஹர்சான் கடையில் காட்டு என்றாள். அவனுக்கும் கோபம் வந்தது.

"எனக்கு மட்டும் வலிக்கலையாக்கா? ஆனா நீங்க சொல்ற ஃபைலும் லேசுப்பட்டது இல்ல. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அதுல எழுத முடியும். மத்தவங்க வாசல்ல நிக்கணும்."

"ரத்தம் குடுக்கறேன்னு வாரத்துக்கு நாலு பேரு பதியறான். மத்தவங்க எல்லாம் தேடத்தான் வர்றாங்க. படிக்கிறதுக்கு எத்தனை பேரு வேணா வரலாம். நடுவுல கம்பெனிக்காரன் டேட்டாபேஸே கிடையாது. அவன் பந்தயக்காரனுக்கு வாசல் திறந்துவிட்டா நமக்கு என்ன?"

"அப்போ வேன் டிக்கெட்டையும் மாத்துங்களேன். பண்டிகைக்கு முன்னாடி முப்பது பேரு ஒரே சீட்டுக்கு அடிச்சுக்குவான். அப்போ தெரியும்."

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். அன்று அதை ஒத்துக்கொள்ளும் மனநிலையில் அவள் இல்லை. கோபத்தோடு கோபமாக உட்கார்ந்து ரத்தப் பட்டியலை மாற்றி எழுதினாள். பெயர்களை எல்லாம் ஒரே ஃபைலில் கொண்டுவந்து சர்வரில் ஏற்றினாள். தேடிப் பார்த்தாள். சட்டென்று வந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து மெதெர்பெக் கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு வந்தான். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

"அக்கா, எங்க வெச்சிருக்கீங்க அந்த ஃபைலை? சைட்டோட பொது ஃபோல்டர்லயே போட்டு வெச்சிருக்கீங்க. பிரவுசர்ல ஃபைல் பேரை அடிச்சா அப்படியே என் கம்ப்யூட்டருக்கு இறங்குது. வீட்டு விலாசம், போன் நம்பர், எல்லாம். எங்க அப்பா பேரும் இருக்கு அதுல. எந்தத் திருடன் வேணாலும் எடுத்துட்டுப் போகலாம். இதுதான் உங்க கோபம் பண்ற வேலை."

பெரிசாத்துக்கு முகம் சுண்டிப்போனது. உட்கார்ந்து, வெளியார் எட்ட முடியாதபடி பொது ஃபோல்டருக்கு வெளியே ஃபைலை நகர்த்தினாள். அவன் பின்னால் நின்று பார்த்தான். யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று சர்வரின் பதிவுகளை இருவருமாக வரி வரியாகப் பார்த்தார்கள். மெதெர்பெக்கைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்கவில்லை.

"டிக்கெட் சைட்டு அந்த மைசீக்வல்லயே இருக்கட்டும். நீ சொன்னதுதான் சரி" என்றாள் கடைசியில், திரையைப் பார்த்தபடியே. "ஆனா எல்லாத்தையும் வேற கம்பெனிக்கு மாத்து. பந்தயக்காரனோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

"அங்க மட்டும் நமக்கு முனிவருங்களா பக்கத்துல இருக்கப்போறாங்க?" என்றான் அவன். இருந்தாலும் மாற்றினான்.

ஒருநாள் அவள் ஹர்சானின் கடைக்குப் போனாள். கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு, மிளகாய்க் குழம்பை ஊற்றி நீட்டினான். சாப்பிட்டு முடித்துவிட்டு, பட்டியலை மாற்றியாயிற்று, இனி அப்படி நிற்காது என்றாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றான் அவன். "இனிமே வர்றவன்கிட்ட சொல்லுங்க."

அந்த வார்த்தை அவளை விடவே இல்லை. அடுத்த வசந்தத்தில் புதுக் கம்பெனியின் டேட்டாபேஸும் ஒருநாள் மூச்சுத் திணறிப்போனது. வேன்காரர்கள் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ரத்தப் பட்டியல் மட்டும் திறந்தது. மெதெர்பெக் சிரித்துக்கொண்டே திரையை அவள் பக்கம் திருப்பினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு வேலை கொடுக்க வருபவர்களை அவள் டிசைன், நிறம் என்று பேச விடுவதில்லை. போன மாதம் மலைமேல் பனிச்சறுக்கு விடுதி கட்டும் ஒருவர் வந்தார். தலைநகரத்தில் எல்லோரும் வைத்திருக்கிற பெரிய டேட்டாபேஸ்தான் தனக்கும் வேண்டும் என்றார்.

"ஒரே நேரத்துல எத்தனை பேரு அதுல எழுதுவாங்க?" என்றாள் பெரிசாத்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?"

"அது ஒருநாள் நின்னுபோச்சுன்னா யாரு அழுவாங்க?"

மனிதர் மெதெர்பெக்கைப் பார்த்தார். மெதெர்பெக் ஜன்னலைப் பார்த்தான்.

"இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் எது பெருசு, எது சிறுசுன்னு பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் படியிறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்துப் பதிலோடு வந்தார்.