கொட்டை முத்தின மாம்பழம்

அந்த மாம்பழம் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது தரையில் புரண்டு அழுது அப்பாவை வாங்க வைத்தது. மண்ணில் செய்து, மஞ்சளும் சிவப்பும் பூசி, உள்ளே கூழாங்கல் போட்ட கிலுகிலுப்பை. கூடவே மண்ணால் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சீத்தாப்பழமும் உண்டு. எட்ட வைத்துப் பார்த்தால் பெரியவர்களே ஏமாந்துபோவார்கள்.

அது உலகச் சண்டைக் காலம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவே ரேஷனில் அளந்து போடும் அரிசிக்குக் கால் கடுக்க நின்றது. அப்பாவுக்கு மில்லில் வேலை போயிருந்தது. அந்த ஐப்பசியில்தான் அப்பாவின் தங்கையை, என் அத்தையை, பெண் பார்க்கச் சேத்தூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. முன்பு வந்தவர்கள் எல்லோரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிடித்திருந்தால் மட்டுமே அந்த வீட்டில் கை நனைப்பார்கள். தொடாத தட்டை ஒவ்வொரு முறையும் அத்தைதான் உள்ளே எடுத்துப் போவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கும்.

தட்டில் வைக்க வெற்றிலையைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. அம்மா என் விளையாட்டுச் சாமான் கூடையைக் கவிழ்த்து, மண் பழங்களைத் தட்டில் அடுக்கினாள்.

"முதத் தடவை வாறவிய யாரு தொடப் போறா? பாத்துட்டு, பொறவு சொல்லி விடுதோம்னு போயிருவாவ. கண்ணுக்கு நிறைவா இருந்தாப் போதும்" என்றாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அப்பா மாந்தோப்பு வைத்திருப்பவர். ஐப்பசியில் மாம்பழம் ஏது என்று அந்தப் பதற்றத்தில் அம்மாவுக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை.

"ஏட்டி, அவிய போற வரைக்கும் வாயத் தொறந்தே, பொறவு இருக்கு ஒனக்கு" என்று அம்மா எனக்கு மட்டும் ஒரு கிள்ளு வைத்தாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அக்காளும் அவர்களின் அப்பாவான பெரியவரும் வந்தார்கள். அத்தை கும்பிட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றாள். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தலையசைத்தார்.

"பொறவு சொல்லி விடுதோம்ங்கிற பேச்செல்லாம் என்னத்துக்கு? இப்பவே கை நனைச்சிருவோம்" என்று சிரித்தபடி பெரியவர் தட்டிலிருந்து என் மாம்பழத்தை எடுத்தார்.

அது கிலுகிலுத்தது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "என்னப்பா சத்தம்?" என்று மாப்பிள்ளையின் அக்காள் கழுத்தை நீட்டினாள். பெரியவர் என் அப்பாவைப் பார்த்தார்.

பெரியவர் பழத்தை உள்ளங்கையில் இறுக்கி மூடினார். "கொட்டை முத்தின பழம்மா, அதான் உள்ள குலுங்குது. ஒங்கம்மைக்குப் பிடிக்கும், கொண்டுபோவோம்" என்று அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அத்தையிடம், "தாயி, வண்டியில குலுங்கி வந்த வயித்துக்கு வேற ஒண்ணும் எறங்காது. ஒங் கையால ஒரு செம்பு தண்ணி கொண்டா. கை நனைக்க அது போதும்" என்றார்.

அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு மகனுக்கும் மகளுக்கும் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அது எம் மாம்பழம்!" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழாத தாயி. நம்ம தோப்புல காய்க்கையில கூடை நிறையக் கொண்டாறேன்" என்றார்.

வண்டி போனதும் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். என் மாம்பழம் போனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, ஆறுதலாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. அந்த அசட்டுக் கிழவர் வீட்டுக்குப் போய் அதைக் கடிப்பார், பல் போகும், அத்தையின் கல்யாணமும் நின்றுபோகும்.

தை மாதம் தாலி கட்டும்போது நான் அத்தையையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. பெரியவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல்லெல்லாம் அப்படியே இருந்தது. பாவம், இன்னும் அந்தப் பழத்தை அவர் தின்று பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.