இரண்டு ரெக்கார்டு, ஒரு கேசட்

விரிவாக்கப்பட்ட மறுவெளியீடு என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டு சிடி. முதலாவதில் ஓர் இங்கிலாந்துக் குழுவின் பழைய ஆல்பம். இரண்டாவதில் ஒத்திகைப் பதிவுகள், வெளிவராத பாட்டுகள், ஏதோ ஒரு ஊரில் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது. பாடகன் தொண்டையைக் கனைத்ததைக்கூட விடவில்லை, பாவிகள். இதையெல்லாம் எவன் வாங்குவான் என்று திட்டிக்கொண்டேதான் வாங்கினேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுத்தான்.

இதே ஆல்பத்தை ஒரு காலத்தில் நானே கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறேன். 1993-ல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ரெக்கார்டிங் கடை. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊரில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது பத்துப் பன்னிரண்டு ரெக்கார்டுகளை என்னிடம் விட்டுப் போனார். இங்கிலாந்தில் பங்க் என்ற முரட்டு ராக் இசை ஓய்ந்த பிறகு கிளம்பிய குழுக்கள். போஸ்ட் பங்க் என்று பேராம், அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. திண்டிவனத்தில் அதை உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் என் நண்பன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பான். அந்தக் குழுக்களில் பேஸ்தான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகும். கேட்டதும் பைத்தியமாகிவிட்டான்.

அவனிடம் இருந்தது அறுபது நிமிஷக் கேசட் ஒன்றே ஒன்று. அதில் இரண்டு ரெக்கார்டும் வேண்டும் என்றான். கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ரெக்கார்டோ ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் எனக்கே பொறுக்காது. அதனால் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ரெக்கார்டு பிளேயரில் வேகத்தைக் கூட்ட ஒரு திருகு உண்டு. கொஞ்சம் திருகினால் பாட்டு சற்று வேகமாக ஓடும், சுருதியும் கொஞ்சம் ஏறும், எல்லாம் அடங்கிவிடும். சினிமாப் பாட்டுக்குத் தினமும் செய்வதுதான். உங்கள் கடைப் பாட்டு மட்டும் நல்ல சுறுசுறுப்பு என்று பாராட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அவனிடம் இதைச் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பழகினான். இரும்பையில் ஒரு கொட்டகையில் வெள்ளைக்காரர்களும் பாண்டிச்சேரிப் பையன்களும் சேர்ந்து இதே பாட்டுகளை வாசித்து வந்தார்கள். பேஸுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். நானும் கூடப் போனேன். ஆரம்பித்ததுமே நாறிப்போயிற்று. அவன் விரல்கள் கிதார்க் கழுத்தில் ஒரு கட்டம் மேலே போய் விழுந்தன. வேகத்திலும் முந்திக்கொண்டு ஓடினான். மூன்று முறை நிறுத்தி மூன்று முறை ஆரம்பித்தார்கள். காது இன்னும் பழக வேண்டும், அடுத்த வருஷம் வாருங்கள் என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில், காது இல்லாதவனுக்குக் கிதார் எதற்கு என்றான். நான் ஆறுதல் சொன்னேன். ஆனால் மனசுக்குள், உண்மைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் திருகு ஞாபகத்துக்கே வரவில்லை. தினம் பத்துத் தடவை திருகுவது எங்கிருந்து ஞாபகம் வரும்? கிதாரை விற்றான், கோயில் குழுவையும் விட்டான், விழுப்புரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தான். கல்யாண வீட்டில் கச்சேரி எப்படி என்று யாராவது கேட்டால்கூட, எனக்கு என்ன தெரியும், நான் காது கெட்டவன் என்பான். இருபது வருஷமாக இதைக் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது.

சிடியைக் கடையில் போட்டேன். கடை இப்போது ஜெராக்ஸும் ரீசார்ஜும். அந்தக் கேசட்டையே கேட்டுப் பழகிய காதுக்குப் பாட்டு தூங்கி வழிந்தது. பிளேயர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைசியில் மொத்த நேரத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு நிமிஷம். அப்போதுதான் அந்தத் திருகு ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாவது சிடியில் ஓர் ஒத்திகை. பேஸ்காரன் முந்திக்கொண்டு ஓடுகிறான், மற்றவர்கள் நிறுத்திச் சிரிக்கிறார்கள், மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தப்பைப் பத்திரப்படுத்தி, அபூர்வப் பதிவு என்று பேர் வைத்து விற்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை வருஷம் தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பான்? சொன்னால் என் முகத்தில் விழிப்பானா? பயம்தான். கடைசியில் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆபீஸில் அவன் மட்டும் இருந்தான். அவன் கம்ப்யூட்டரிலேயே சிடியைப் போட்டேன். மேஜைமேல் அவனுடைய இடது கை விரல்கள் தானாக நகர்ந்தன. பிறகு நின்றன.

"இன்னாடா, ஸ்லோவா இருக்குது?"

"இதான்டா சரியான ஸ்பீடு. அன்னைக்கு நான்தான் ஏத்தி வச்சிட்டேன். ரெண்டு ரெக்கார்டும் ஒரே கேசட்ல அடங்கணும்னு."

இரும்பையில் நடந்ததை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது பாதிவரை ஓடியது. திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவன் டாக்டரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டான்.

"அப்ப என் காது சரியாத்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். அவன் சத்தத்தைக் குறைத்தான்.

"என் சின்னப் பொண்ணு கீபோர்டு கத்துக்கறேன்னு அழுதுக்கினு நின்னுச்சு மச்சான், ரெண்டு தபா. நம்ம ரத்தத்துலயே காது கெடையாது, பேஜாரு பண்ணாதன்னு சொல்லி அனுப்பிட்டேன்."