சிதம்பரத்தில் என் சின்ன மடிக்கணினியை அழித்தார்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போனேன். கோயிலுக்கு அல்ல, மடிக்கணினியைப் பழுது பார்க்க. கைப்பைக்குள் அடங்கும் மலிவான சின்னக் கணினி, ஒரு கிலோகூட இருக்காது. லினக்ஸ் இயங்குதளத்தை நானே நிறுவியிருந்தேன். இந்த வலைப்பதிவின் பயணக் குறிப்புகள் எல்லாம் அதில் எழுதியவைதான். சார்ஜர் செருகும் இடம் ஆடிப்போய், மின்சாரம் ஏறாமல் நின்றுவிட்டது. கடலூர்க் கடைகளில் அந்த உதிரிபாகம் கிடைக்கவில்லை.

என் கணவர் இறப்பதற்கு முந்தைய மாதம், ஒரு விடுதி அறையில் காபி சரியில்லை என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். அதை விளையாட்டாகக் கணினியில் பதிவு செய்திருந்தேன். அவர் குரல் வேறெங்கும் இல்லை. பிரதி எடுப்பதற்குள் கணினி அணைந்துவிட்டது.

காலை ஒன்பது மணிப் பேருந்து. தூரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பயணம் ஒன்றரை மணி நேரம். புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே போனேன். இடம் கொடுக்க ஒருவரும் எழவில்லை, நானும் கேட்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். "சாப்ட்டு வாங்கம்மா, முடிச்சி வைக்கிறேன்" என்றார். போனேன். திரும்பி வந்தபோது திரையில் விண்டோஸ் மின்னிக்கொண்டிருந்தது.

"சார்ஜர் பின் மாத்தியாச்சும்மா. அப்படியே ஃபார்மட்டும் அடிச்சி விட்டுட்டேன். அந்த லினக்ஸ யாரும்மா யூஸ் பண்றாங்க?"

"உள்ளே இருந்ததெல்லாம்?"

"டி டிரைவ்ல வச்சிருந்தா நாங்க தொடவே மாட்டோம்மா. எல்லாரும் அதுலதான் வைப்பாங்க. உங்களுதுல டி-யே இல்ல. சரி, ஒண்ணுமில்லபோலன்னு மொத்தமா அழிச்சிட்டேன்."

லினக்ஸில் டி டிரைவ் என்று ஒன்று கிடையாது. அது தெரியாமலா கடை வைத்திருக்கிறார்? அடுத்தவர் மேசையைக் கேட்காமல் திறக்கக் கூடாது என்பதை எனக்குக் கான்வென்ட் சிஸ்டர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள்.

"இனி ஒரு பொத்தானையும் தொடாதீங்க. அழிஞ்சத மீட்கிற மென்பொருள் இருக்குல்ல? போடுங்க. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

"நேரமாகும்மா, கடலூர் போவணுமே நீங்க."

"அது என் கவலை."

மாலையில், எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகள் வரத் தொடங்கின. குறிப்புகளில் ஒன்றுகூட வரவில்லை. ஒலிக்கோப்பு ஒன்று வந்தது. அழுத்தினார். "இதுக்குப் பேரு காபியா? பாத்திரம் கழுவுன தண்ணிய ஊத்திக் குடுத்துருக்கான். நீ என்னடி சிரிக்..." அங்கேயே அறுந்தது. மறுபடி அழுத்தினார். அதே இடத்தில் அறுந்தது.

"பாதியாச்சும் வந்துச்சே, சந்தோஷப்படுங்கம்மா."

"நான் எப்ப சந்தோஷப்படணும்னு நீங்க சொல்ல வேணாம்."

கடைசிப் பேருந்துகளை நம்ப வேண்டியிருக்கவில்லை. எட்டரைக்கெல்லாம் கடலூரில் இறங்கிவிட்டேன்.

சின்னக் கணினியுடன் பயணம் செய்பவர்களுக்கு: லினக்ஸ் வைத்திருந்தால், பழுதுக்குக் கொடுக்கும்போது சேமிப்பகத்தை (ஹார்ட் டிஸ்க்கை) கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் பக்கத்திலேயே உட்காருங்கள், பசித்தாலும். 'ஃபார்மட் செய்யாதே' என்று மூடியின் மேல் ஒட்டுங்கள். முக்கியமானதை இன்றைக்கே பென் டிரைவில் ஏற்றுங்கள்.

அந்த ஒலிப்பதிவின் அறுந்துபோன மீதிப் பகுதி எனக்கு மனப்பாடம். அதுவே போதும் என்று யாராவது பின்னூட்டம் எழுதினால் நீக்கிவிடுவேன்.