சிவப்புப் புள்ளி வைத்த பள்ளிக்கூடம்

எருமப்பட்டித் தமிழரசுவுக்குப் பிள்ளை பெற்றவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, எப்படித் தெரியும்? பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மொபைல் ஆப் வடிவமைத்துக் கொடுப்பவன். எந்தப் பட்டன் எங்கே இருந்தால் விரல் அங்கே போகும் என்பது அவனுக்கு அத்துப்படி. மனசு எங்கே போகும் என்பதில்தான் கோட்டை விட்டான்.

அவன் அக்கா பிரவீனா நாமக்கல்லில் இருக்கிறாள். மகள் தேவிப்ரியா பத்தாவது முடித்ததும் ஹாஸ்டல் பள்ளியில் போட்டுவிடுவது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பெண் மாமனிடம் வந்து அழுதாள். வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி ஒரு பள்ளி பார்த்துச் சொல்லும்படி கெஞ்சினாள். தாய்மாமன் சொன்னால் அம்மா கேட்பாள் என்று அவளுக்கு நம்பிக்கை. தமிழரசு அப்படிப்பட்ட ஹாஸ்டலில் இரண்டு வருசம் கிடந்தவன். இன்றைக்கும் எங்காவது மணி அடித்தால் சட்டென்று எழுந்து நின்றுவிடுவான். தான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தான்.

வாயால் சொன்னால் அக்கா தட்டிக்கழிப்பாள், போனில் வந்தால் வேதவாக்கு. ஆகவே பெற்றோர் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு ஆப் செய்தான். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படித்து வெளியே வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினான். எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், அடிக்கிறார்களா, வீட்டுக்கு எப்போது விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுப் போட்டான். மோசமானதற்கெல்லாம் சிவப்புப் புள்ளி. சிவப்பைப் பார்த்தால் யாரும் நின்றுவிடுவார்கள் என்று நினைத்தான். பாவம், அவன் படித்த படிப்பு அப்படி.

பள்ளிச் சேர்க்கை நேரம் என்பதால் ஆப் ஊரெல்லாம் பரவியது. எந்தப் பக்கத்தை அதிகம் திறக்கிறார்கள் என்று பார்த்தவனுக்குத் திக்கென்றது. சிவப்பு மிகுந்த பள்ளிகளைத்தான் தேடித்தேடித் திறந்தார்கள். சிவப்பு அதிகமுள்ளதை முதலில் காட்ட ஒரு வசதி வேண்டும் என்று கேட்டும் எழுதியிருந்தார்கள். பதறிப்போய், இங்கே பிள்ளைகளை அடிக்கிறார்கள் என்று ஒரு பள்ளியின் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதிப் போட்டான். அந்தப் பள்ளிக்கு இன்னும் கூட்டம் கூடியது. விளையாட நேரம் விடுகிற பள்ளிகளை ஒருவரும் சீந்தவில்லை. பெற்ற மனம் பித்து என்கிறவர்கள் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும்.

ஆப்பையே எடுத்துவிடலாம் என்று அவன் உட்கார்ந்தபோது அக்கா போன் செய்தாள்.

"நல்ல வேல செஞ்ச தம்பி. இருக்கறதுலயே செவப்பு சாஸ்தி இருக்கறதாப் பாத்து எடுத்துட்டேன். தாய்மாமன் நீதான் கூட வந்து சேத்தி உடோணும்."

அவன் கத்தினான். இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். மழையில் முட்டிபோட வைத்தது, காய்ச்சலோடு பரீட்சை எழுதியது, பார்க்க வந்த அம்மாவை கேட்டிலேயே திருப்பி அனுப்பியது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அங்க இருந்ததுனாலதான சாமி நீ இன்னைக்கு இப்பிடி இருக்கற. எம்புள்ளைக்கு மட்டும் அது வேண்டாமா?"

அவன் நன்றாக இருப்பதே அவனுக்கு எதிராக நின்றது.

சேர்க்கிற அன்று தேவிப்ரியா அவன் கையை விடவே இல்லை. மாமன் கூடவே வருவது கடைசி நேரத்தில் எப்படியாவது தடுக்கத்தான் என்று நம்பியிருந்தாள். ஆப் விசயத்தை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிரின்சிபால் எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

"அந்த ஆப்பு செஞ்சவரு நீங்கதானுங்களா? எங்களுக்கு வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அதப் பாத்துட்டு வந்த கூட்டத்துல எடமே இல்லாமப் போச்சு. உங்க அக்கா புள்ளைங்கறதுனால ஒரு எடம் புடிச்சு வெச்சோம்."

தேவிப்ரியா மாமனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கையை உருவிக்கொண்டாள். வார்டன் அவளுடைய பையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

"நான் போறனுங்க மாமா."

போறேன்னு சொல்லக் கூடாது சாமி, வாரேன்னு சொல்லு என்று பின்னாலிருந்து அக்கா திருத்தினாள். அவள் சொல்லவில்லை.