பூவரசுக்கு அடியில் இருந்த மண்

ஏரிக்கரையில் மரம் நடும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது என் மனதில் இருந்தது மகளின் மூச்சுதான். அவளுக்கு மூன்று வயது. பனி தொடங்கினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு என்றதும் டாக்டர், "வேற எடத்துக்குப் போக முடியுமா?" என்று கேட்டார். கணவருக்கு அந்தப் புகைக்குள்தான் வேலை. போக முடியாது. அதனால் மரம் நடலாம் என்று நினைத்தேன். பி.எஸ்சி. படித்தவள் இப்படியா கணக்குப் போடுவாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நியாயமாகத்தான் பட்டது.

சுற்று வட்டார இளைஞர்களுக்கான பயிற்சி அது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது, கரையைச் சீராக்குவது, கன்று நடுவது. மகளை ஏரிக்குக் கீழே இருக்கும் அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போவேன்.

பயிற்சி தந்த சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நடுகிற கன்றுக்கு நமக்கு வேண்டியவர் ஒருவரின் பெயரைத் தகரத்தில் எழுதிக் கட்ட வேண்டும். பெயர் இருந்தால் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டோமாம். நான் பூவரசங்கன்றில் மகளின் பெயரைக் கட்டினேன்.

பக்கத்துக் குழியில் நட்டுக்கொண்டிருந்த எங்கள் தெரு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா பொண்ணும்மா நீ? பச்சக் கொயந்த பேர எய்தி மண்ணுல நட்டுக்கினு நிக்கிற? பட்டுப்போச்சுன்னா?"

"உங்களுது யாரு பேருக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு. பட்டுப்போனாலும் பேஜாரு இல்ல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் தகரத்தை அவிழ்க்கக் கை போனது. படித்தவள் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று விட்டுவிட்டேன்.

கன்று முதலில் நன்றாகத்தான் தளிர் விட்டது. பிறகு இலை ஓரம் கருகத் தொடங்கியது. தினமும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றினேன். தண்ணீர் அதிகமோ என்று நிறுத்தினேன். நிறுத்தியது தப்போ என்று மறுபடி ஊற்றினேன். அந்தச் சமயத்தில்தான் மகளுக்கும் மூச்சிரைப்பு அதிகமானது. நெபுலைசர் முகமூடியை அவள் முகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் என் கண்ணுக்குள் அந்தக் கன்றுதான். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார், அல்லது சிரிக்காமல் போய்விடுவார். இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது.

நட்டதைப் பார்வையிட மேலிடத்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. சார் வண்டியில் புதுக் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினார். "பட்டதையெல்லாம் எடுத்துட்டு இத நட்டுடுங்க. தகரம் அதேதான், மாத்த வேணாம்."

பூவரசை இழுத்தேன். சுலபமாக வந்துவிட்டது. நாங்கள் போட்ட செம்மண் இருந்த அளவுக்குத்தான் வேர் போயிருந்தது, நுனி கருகியிருந்தது. குழியை ஆழமாக்கக் கடப்பாரையைப் போட்டேன். கணீரென்றது. கறுப்பாக, பளபளவென்று கட்டிகள் வந்தன. எனக்கு அது புதிதில்லை. கணவரின் வேலை ஷூவைத் தட்டினால் இதே தூள்தான் கொட்டும். இரும்பை உருக்கிய பின் மிஞ்சும் கசடு.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஏரிக்கரை அறுத்துக்கினப்போ கம்பெனிக்காரங்க லாரி லாரியா கொட்னாங்கல்ல, அதாம்மா. அங்கன்வாடி பள்ளத்துக்கும் அதே லாரிதான் வந்துச்சு. சும்மா குடுத்தாங்க, வாங்கிக்கினோம்."

"சார், கீழ எல்லாம் கசடு சார்," என்றேன்.

அவர் குழியைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். "தெரியும்மா. இன்னைக்கு மட்டும் மேல செம்மண் போட்டு நட்டுடுங்க. அப்புறம் பேசிக்கலாம்." அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

நட்டேன். சொன்னதைச் செய்யாமல் இருக்க எனக்கு வராது. தகரத்தை மட்டும் கட்டவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மொட்டையா நிக்குதே. வோணும்னா எங்க ஊட்டுக்காரரு பேரயே இதுக்கும் கட்டு," என்றார் அக்கா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அங்கன்வாடிக்குப் போனேன். மகள் வெளியே உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் மண்ணை அள்ளிச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். மேலே மணல்தான். செருப்பு நுனியால் கீறினேன். கொஞ்சம் கீறியதுமே கறுப்பு. அவள் கையைப் பிடித்து உதறினேன். நகத்துக்குள்ளும் இருந்தது.

"அம்மா, சோறு கொட்டிடுச்சு," என்று அழுதாள்.

அதன்பிறகு அவளை அங்கே அனுப்பவில்லை. பயிற்சிக்கும் நான் போகவில்லை. டீச்சரிடம் சொன்னேன், மேலே தெரிவிப்பதாகச் சொன்னார். கணவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப புள்ள எங்கதான் வெளாடும்?"

எங்கள் தெருவும் முன்பு பள்ளம்தான். மண் கொட்டி மேடாக்கிய பிறகுதான் வீடுகள் வந்தன. மகள் இப்போது வாசலில் விளையாடுகிறாள். தகரம் பீரோ மேல் இருக்கிறது. கடப்பாரை கதவுக்குப் பின்னால் சாத்தி இருக்கிறது. வாசலில் மட்டும் நான் இன்னும் தோண்டிப் பார்க்கவில்லை.