எடுத்தபடியே விட்ட நிலம்

அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது அதில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். காரிமங்கலத்துக்குத் தெற்கே, ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, மூன்று ஏக்கர். நானும் என் வீட்டுக்காரரும் ஏழு வருஷம் அதில் கல் பொறுக்கினோம். பொறுக்கியதை நாலு பக்கமும் கரையாக அடுக்கினோம். ஏழாம் வருஷம் கேழ்வரகு இடுப்பளவு நின்றது. கம்பெனியின் கண்ணில் நாங்கள் பட்டதும் அந்த வருஷம்தான்.

கம்பெனி என்றால் வெள்ளைக்காரன் என்று நினைக்கவேண்டாம். வெளியூர்ப் பணக்காரர்கள் நாலு பேர் கூடி நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள். ரோட்டோரத்தை மனை பிரித்துக் கடை கட்ட விற்றார்கள். கிணறு இருந்த இடத்தில் ஆள் வைத்துத் தாங்களே பயிர் செய்தார்கள். ஒன்றுக்கும் ஆகாத கல்லாங்காட்டை எங்களைப் போன்றவர்களுக்குக் குத்தகை விட்டார்கள். நாங்கள் திருத்தியதும் பிடுங்கி, பசையுள்ள ஆளாகப் பார்த்துக் கூடுதல் குத்தகைக்கு விடுவார்கள். இதற்கு நிர்வாகம் என்று பெயர். எனக்குத் தெரிந்த பெயர் வேறு.

ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட காலம் அது. பங்குனியில் கம்பெனி ஏஜெண்டு வந்தார். தருமபுரி முதலாளி ஒருவர் நிலக்கடலை போட எங்கள் நிலத்தைக் கேட்கிறாராம். சித்திரை பிறக்குமுன் காலி செய்யவேண்டுமாம்.

"ஏழு வருசமா கல்லு பொறுக்கியிருக்கறோமுங்க. அதுக்கு என்னா சொல்றீங்க?" என்றேன்.

அவர் குத்தகைச் சீட்டை எடுத்து ஒரு வரியைப் படித்தார். நிலத்தை எடுத்தபடியே திருப்பி விடவேண்டும், செய்த வேலைக்கு எதுவும் கேட்கக்கூடாது. "இதுக்குத்தான் நீங்க கைநாட்டு வெச்சது" என்று சீட்டை மடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார். நான் அந்த வரியை மனசில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கூடையோடு போனேன். கரையிலிருந்து கல்லை அள்ளி நடு நிலத்தில் கொட்டினேன். வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"உனக்கென்னா பைத்தியமா புடிச்சிருக்குது?"

"எடுத்தபடியே வுடச் சொன்னாரில்ல? வுடறேன்."

என் கூடையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக் கரையைப் பிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதரை அன்றைக்குப் பிடித்த அளவுக்கு எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

ஐந்து நாள் கொட்டினோம். மற்றக் குத்தகைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுப் பெண்களே கூடையோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றும் எங்கள் கையால் பொறுக்கிய கல். அழுதுகொண்டேதான் கொட்டினேன், ஆனால் நிறுத்தவில்லை.

ஆறாம் நாள் ஏஜெண்டு அந்த முதலாளியை வண்டியில் கூட்டிவந்தார். முதலாளி நிலத்துக்குள் நாலடி வைத்தார், கால் பிசகியது, ஏஜெண்டை முறைத்துவிட்டுத் திரும்பி வண்டியேறினார்.

"என்னாம்மா இது அக்கிரமம்! கோர்ட்டுக்கு இழுப்பேன்!" என்று ஏஜெண்டு கத்தினார்.

"தாராளமா இழுங்க. அந்த வரிய ஜட்ஜுக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

சித்திரை பிறந்து பத்து நாளாகியும் அந்த நிலத்தை யாரும் கேட்கவில்லை. ஏஜெண்டு தணிந்து வந்தார். பழைய குத்தகைக்கே நாங்கள் ஓட்டிக்கொள்ளலாம் என்று புதுச் சீட்டை நீட்டினார். வீட்டுக்காரர் கட்டைவிரலை நீட்டிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடி கல்லு பொறுக்கப்போறது நாங்கதானுங்க. பத்து வருசத்துக்கு எங்கள நெலத்த வுட்டு எழுப்பக்கூடாதுன்னு எழுதுங்க."

"கம்பெனியில அப்படி எழுதற வழக்கம் இல்ல."

கரையில் இன்னும் பாதிக் கல் இருந்தது. நான் கூடையை எடுத்தேன்.

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து மைப்பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். அப்போது எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவரும்வரை விரலில் மை படக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

"எம்மேல நம்பிக்கை இல்லியாம்மா?" என்றார் ஏஜெண்டு.

"இல்லீங்க" என்றேன்.