மாரியில் சீவிய கதவு

மாரியில் கதவு சீவக்கூடாது என்பது திருகோணமலையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மழைக்கு ஊதிய மரத்தைச் சீவினால், வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் அது சுருங்கி இடைவெளி விட்டுவிடும். கிண்ணியாவில் இருக்கும் தச்சரும் போனில் அதைத்தான் சொன்னார். "கொஞ்சம் பொறுங்க ஐயா. வெயில் வரட்டும், நானே வந்து சீவித் தாறன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவியின் வலது கையில் உணர்ச்சி இல்லை. குளியலறைக் கதவோ ஒற்றைக் கையால் திறக்க முடியாதபடி நிலையில் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் "இஞ்சாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். முப்பது வருடம் என்னை அதட்டிய மனுசி. அப்படி அவள் நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சீவுளியை இரவல் வாங்கினேன். கதவைக் கழற்றி, விறாந்தையில் விளிம்பு மேலே தெரிய நிறுத்தினேன். நல்ல முதிரை மரம். முதல் தள்ளிலேயே சிராய் பிய்ந்து வந்தது. துறைமுகக் கந்தோரில் பேனா பிடித்த கைக்கு வேறு என்ன வரும்?

கதிரையில் இருந்து அவள் சொன்னாள்: "பூனையைத் தடவுறமாதிரி, மயிர் படுத்திருக்கிற பக்கமாத் தள்ளுங்கோ."

"நீர் எப்ப தச்சுவேலை பழகினனீர்?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் மறுபக்கமிருந்து தள்ளினேன். சுருள் சுருளாக வந்தது. அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

நான் சீவச் சீவ, விளிம்பை இடது கையால் தடவிப் பார்த்துச் சொல்வதை அவள் தன் வேலையாக்கிக்கொண்டாள். பின்னேரம் இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. மறதியில் மற்றக் கையை வைத்தாள்.

"இதில இன்னும் ஒரு மேடு கிடக்கு."

தடவினேன். இருந்தது, ஒரு தாள் தடிப்பில். பிறகுதான் அது எந்தக் கை என்று பார்த்தேன். அவளும் பார்த்தாள். "எனக்குத் தெரியுதப்பா," என்றாள். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த மேட்டை அப்படியே விட்டுக் கதவை மாட்டினேன். அன்றிலிருந்து அவளே திறக்கிறாள்.

கச்சானுக்கு ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுவிட்டது. தச்சர் வந்து பார்த்துச் சிரித்தார். விளிம்பை நேராகச் சீவிவிட்டு ஒரு சட்டம் அடித்துத் தருவதாகச் சொல்லிச் சீவுளியை எடுத்தார்.

அவள் வலது கையால் விளிம்பில் இருந்த அந்த மேட்டைப் பொத்திக்கொண்டாள்.

"அதைத் தொடாதேங்கோ," என்று அதட்டினாள்.